தயிரில் கலந்து குடித்த வைரஸ்

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிப்பவர்கள், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வருவது நல்லது. விஷயம் அப்படி!

1980-களின் தொடக்கம். மாஸ்கோவைச் சேர்ந்த வைரஸ் ஆய்வாளர் ஒருவர், மஞ்சள் காமாலை கண்ட ஒன்பது பேரின் மலத்தைக் கரைத்துச் சாறெடுத்து, அதைத் தயிரில் கலந்து குடித்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அறியாமல் செய்ததும் இல்லை. குடித்தால் என்ன ஆகும் என்பது உலகத்தில் மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். குடித்துவிட்டு மாஸ்கோவுக்குத் திரும்பிப் போய், நோய் வருகிறதா என்று காத்திருந்தார்.

அவர் பெயர் மிகைல் பலயான். மாஸ்கோவில் போலியோ, மூளைக்காய்ச்சல் வைரஸ்களை ஆராயும் நிறுவனத்தில் வேலை. மலத்தின் வழியாக வெளியேறி வாயின் வழியாக உள்ளே போகும் கிருமிகளோடு பழகியவர். அவர் ஏன் இந்தக் காரியத்தைச் செய்தார் என்று புரிய வேண்டுமானால், முதலில் டெல்லிக்குப் போக வேண்டும்.

1955-ம் ஆண்டு மழைக்காலத்தில் யமுனையில் வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் பாதையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருந்தது. டெல்லிக்குக் குடிநீர் எடுக்கும் இடம் வஜீராபாத். அதற்குக் கீழே, நகரத்துச் சாக்கடையைச் சுமந்து வரும் நஜஃப்கட் கால்வாய் ஆற்றில் கலக்கிறது. ஆறு விலகியதும் கால்வாயின் கழிவுநீர் பின்னோக்கி வந்து, குடிநீர் எடுக்கும் இடத்திலேயே சேர்ந்துவிட்டது. நீரேற்று நிலையத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குளோரினை அதிகப்படுத்தினார்கள். அதற்குப் பலனும் இருந்தது. டைபாய்டு கூடவில்லை, சீதபேதி கூடவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து, டிசம்பரில், ஊரே மஞ்சளாக ஆரம்பித்தது. மஞ்சள் காமாலை கண்டவர்கள் மட்டும் சுமார் 29,000 பேர்! பாக்டீரியாக்களைக் கொன்ற குளோரினிடமிருந்து வேறு ஏதோ ஒன்று தப்பித்து வந்திருந்தது.

அப்போது மருத்துவர்களுக்குத் தெரிந்த பெயர் 'தொற்றுக் காமாலை'. இன்று ஹெபடைடிஸ் ஏ என்கிறோமே, அதுதான். டெல்லியில் வந்ததும் அதுதான் என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. முதலாவது, நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்களும் நடுவயதுக்காரர்களும். ஹெபடைடிஸ் ஏ இந்தியாவில் சின்ன வயதிலேயே எல்லோருக்கும் வந்து போய்விடும். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வராது. அப்படியிருக்க, பெரியவர்களுக்கு எப்படி வந்தது? இரண்டாவது, கர்ப்பிணிகள். மற்றவர்கள் சில வாரங்களில் எழுந்து நடமாடினார்கள். கர்ப்பிணிகள் பலர் எழவே இல்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இருபது வருடத்துக்கு மேல் பதில் கிடைக்கவில்லை. காரணம் எளிது. ஏ வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் சோதனையே அப்போது கிடையாது. 1973-ல் அமெரிக்காவில் ஃபைன்ஸ்டோன், கபிகியன், பர்செல் என்ற மூவர் அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய உத்தி அழகானது. மலத்துக்குள் ஆயிரம் குப்பைகள் இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் எது வைரஸ், எது தூசி என்று பிரித்தறிய முடியாது. அதனால் நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அதில் கலந்தார்கள். சீரத்திலுள்ள ஆன்டிபாடிகள் தங்களுக்குத் தெரிந்த வைரஸை மட்டும் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். நுண்ணோக்கியில் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் அதுதான் ஆள்! அதற்கு முந்தைய வருடம், வாந்தி பேதியை உண்டாக்கும் நார்வாக் வைரஸை கபிகியன் பிடித்ததும் இதே உத்தியால்தான்.

ஏ-வுக்குச் சோதனை வந்ததும், டெல்லியில் அந்தக் காலத்தில் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த சீரத்தைப் பரிசோதித்தார்கள். பர்செலும் புனேயிலிருந்த இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து 1980-ல் முடிவை வெளியிட்டார்கள். அது ஏ இல்லை. பி-யும் இல்லை. அதே ஆண்டில் காஷ்மீரிலிருந்து முகமது சுல்தான் குரூ என்ற மருத்துவரும் ஒரு கட்டுரை எழுதினார். 1978-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய பகுதியில் கிராமம் கிராமமாகக் காமாலை பரவியது. எல்லோரும் ஒரே நீரைக் குடித்தவர்கள். அங்கேயும் இறந்தவர்களில் கர்ப்பிணிகள் அதிகம். ஆள் யாரென்று தெரியாமலேயே குரூ இதை ஒரு புதிய வைரஸ் என்று சொன்னார்.

ஆனால் அந்த வைரஸை யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பெயர்கூட இல்லை. 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்பதையே பெயராக வைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை "ராமுவும் இல்லை, சோமுவும் இல்லை" என்றே கூப்பிடுவது போல!

இப்போது பலயானிடம் வருவோம். 1979 முதல் 1989 வரை சோவியத் படை ஆப்கானிஸ்தானில் இருந்தது. அங்கே படையினரைத் துப்பாக்கியைவிட அதிகமாகப் படுக்கையில் தள்ளியது காமாலைதான். லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு வந்தது. சோவியத் நாட்டின் மத்திய ஆசியப் பகுதிகளிலும் நீர் வழியாக அடிக்கடி பரவியது. நோய் பரவும் இடத்திலிருந்து மாஸ்கோ சுமார் 3,000 கிலோமீட்டர். மாதிரிகளைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோகக் குளிர்சாதன வசதி கைவசம் இல்லை என்றும், அதனால் தன் உடம்பையே பெட்டியாக ஆக்கிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். கதை கேட்கச் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு.

கண்கள் மஞ்சளாகி, நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்குள் இந்த வைரஸ் மலத்தில் குறையத் தொடங்கியிருக்கும். அது அதிகமாக வெளியேறுவது நோய் தெரிவதற்குச் சற்று முன்பும், தெரியத் தொடங்கும் நாட்களிலும்தான். அதாவது, தனக்கு நோய் இருக்கிறது என்றே தெரியாத ஒருவரிடம்தான் அதைத் தேட வேண்டும். அப்படி ஒருவரை எங்கே போய்க் கண்டுபிடிப்பது? எந்த நாளில் கிருமி உள்ளே போனது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் தினமும் மாதிரி தர வேண்டும். ஏற்கெனவே ஹெபடைடிஸ் ஏ வந்து போனவராக இருந்தால் இன்னும் நல்லது. புதிதாக வரும் காமாலை ஏ இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாமே! பலயானுக்கு ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தது. பொருத்தமான ஆள் கண்ணாடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

குடித்த 28-ம் நாள் எடுத்த மாதிரியில் 27 முதல் 30 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகள் தெரிந்தன. (முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உருண்டைகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்.) 36-ம் நாள் நோய் வந்தது. 43, 44, 45-ம் நாட்களிலும் அதே உருண்டைகள். இதே நோய் வந்து குணமான மற்றவர்களின் சீரத்தைக் கலந்தபோது, அவை கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. பிறகு அதைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றின் கல்லீரலும் பாதிக்கப்பட்டது. அவையும் அந்த உருண்டைகளை வெளியேற்றின. 1983-ல் கட்டுரை வெளிவந்தது. அதில் 'தன்னார்வலர் ஒருவர்' என்று இருக்கிறது. அந்தத் தன்னார்வலர்தான் கட்டுரையின் முதல் ஆசிரியர்!

இதை வீரம் என்பதா, முரட்டுத்தனம் என்பதா? இன்றைக்கு எந்த ஆராய்ச்சிக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. அந்த நோய்க்கு மருந்து கிடையாது. நிலைமை மோசமாகிக் கல்லீரல் செயலிழந்திருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது மட்டுமில்லை, ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனை அறிவியலில் பலவீனமான சாட்சி. குரங்குச் சோதனை கூடவே இருந்ததால்தான் கட்டுரை நின்றது. அதே நேரத்தில் ஒன்றையும் சொல்ல வேண்டும். பலயான் குடித்தது ஒரே ஒரு முறை, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து. டெல்லியிலும் காஷ்மீரிலும் குடித்தவர்களுக்கு அது தெரியாது.

கர்ப்பிணிகள் விஷயம்தான் இதில் மிகக் கொடூரமானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்த நோய் வந்தால், நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயிற்றிலிருக்கும் குழந்தையும் பல சமயங்களில் பிழைப்பதில்லை. ஹெபடைடிஸ் ஏ இப்படிச் செய்வதில்லை. ஹார்மோன் மாற்றம் என்கிறார்கள், நோய் எதிர்ப்பு சக்தியில் வரும் மாற்றம் என்கிறார்கள். முழுமையான விளக்கம் இன்னும் வரவில்லை.

தமிழ்நாட்டில் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். எண்ணெய், காரம் கிடையாது. பத்து இருபது நாளில் சரியாகிவிடும். கீழாநெல்லிக்கு நல்ல பெயர்! உண்மையில் ஏ-யும் இந்தப் புதிய வைரஸும் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகக்கூடியவை. ஆனால் வீட்டில் ஒரு கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால், "பச்சிலை கொடுத்துப் பார்க்கலாம்" என்று ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நேராக மருத்துவமனைதான்.

1990-ல் அமெரிக்காவில் இந்த வைரஸின் மரபணுவின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். மறு வருடம் முழுவதையும் படித்தார்கள். சுமார் 7,200 எழுத்துக்கள். பெயரில்லாத பையனுக்கு அப்போதுதான் ஹெபடைடிஸ் ஈ என்ற பெயர் கிடைத்தது.

அதே 1990-ல் பலயான் இன்னொரு சின்னக் கட்டுரை எழுதினார். இந்த முறை குடித்தது அவர் இல்லை, பன்றிக்குட்டிகள்! மத்திய ஆசிய நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த வைரஸைக் கொடுத்ததில் அவற்றுக்குத் தொற்று ஏற்பட்டது என்று அறிவித்தார். மனிதருக்கு வரும் ஹெபடைடிஸ் ஈ பன்றிக்கும் வரும் என்பது அதன் அர்த்தம். அப்போது இது பெரிதாகப் பேசப்படவில்லை.

அமெரிக்காவில் ஒரு புதிர் இருந்தது. இந்தியாவையோ ஆப்பிரிக்காவையோ வாழ்க்கையில் பார்த்திராத, சுத்தமான குழாய்நீர் குடிக்கும் அமெரிக்கர்கள் சிலரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் ஈ ஆன்டிபாடி இருந்தது. எங்கிருந்து வந்தது? பர்செலின் ஆய்வகத்தில் இருந்த ஷியாங்ஜின் மெங் என்ற கால்நடை வைரஸ் ஆய்வாளர் பன்றிப் பண்ணைகளில் தேடினார். 1997-ல் விடை கிடைத்தது. மூன்று மாத வயதைத் தாண்டிய பன்றிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஆன்டிபாடி இருந்தது. அவற்றிடமிருந்து எடுத்த வைரஸ், மனித ஹெபடைடிஸ் ஈ-யின் நெருங்கிய உறவு. அது பன்றியை ஒன்றும் செய்வதில்லை. பன்றி பாட்டுக்குத் தின்று, தூங்கி, கொழுக்கிறது. வைரஸும் உள்ளே வந்து போகிறது.

அப்படியானால் பலயான் சொன்னது சரிதானே? அங்கேதான் சிக்கல். மெங்கும் மற்றவர்களும் இந்தியா பக்கத்து மனித வைரஸைக் கிருமியற்ற சூழலில் வளர்ந்த பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்றவே இல்லை. ஹெபடைடிஸ் ஈ-யில் பல வகைகள் உண்டு. 1, 2-ம் வகைகள் மனிதருக்கு மட்டுமே உரியவை, நீர் வழியாகப் பெரிய அளவில் பரவுபவை. 3, 4-ம் வகைகள் பன்றியிலும் உண்டு, மனிதரிலும் உண்டு. மத்திய ஆசியாவில் பரவியது 1-ம் வகை. அது பன்றிக்குள் போகாது. பிறகு பலயானின் பன்றிக்குட்டியில் இருந்தது என்ன?

2004-ல் அதே கிர்கிஸ்தான் பன்றிக்குட்டியின் வைரஸை எடுத்து முழு மரபணுவையும் படித்தார்கள். அது 3-ம் வகை! பலயான் கொடுத்த வைரஸ் குட்டிக்குள் பிடிக்கவே இல்லை. சோதனைக்கு வரும்போதே குட்டியிடம் அதன் சொந்த வைரஸ் இருந்திருக்கிறது. பலயான் தான் கொடுத்ததுதான் திரும்ப வருகிறது என்று நினைத்துவிட்டார். மெங் கண்டுபிடிப்பதற்கு ஏழு வருடம் முன்பே பன்றி வைரஸ் பலயானின் சோதனைக் குழாயில் இருந்தது. அவருக்குத்தான் அது தெரியவில்லை. மரபணுவைப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி 1990-ல் அவ்வளவாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் உடம்பில் செய்த, ஆபத்தான, யாரும் நம்பத் தயங்கும் சோதனை சரியாக வந்தது. ஒழுங்காகக் கூண்டில் வைத்துச் செய்த சோதனையில் ஏமாந்துவிட்டார். வேடிக்கைதான்!

பன்றியிலிருந்து மனிதனுக்கு வரும் என்பதற்கு நேரடிச் சாட்சி ஜப்பானில் கிடைத்தது. ஆனால் அது பன்றி இல்லை, மான். மான் இறைச்சியைப் பச்சையாகச் சாப்பிட்ட சிலருக்கு ஆறு ஏழு வாரம் கழித்து நோய் வந்தது. மிச்சமிருந்த இறைச்சியை வீட்டு ஃப்ரீஸரில் வைத்திருந்தார்கள். அதிலிருந்த வைரஸும் நோயாளிகளின் வைரஸும் ஒன்றுதான் என்று 2003-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில், ஹொக்கைடோவில் கடைகளில் விற்ற 363 பாக்கெட் பன்றி ஈரலைப் பரிசோதித்ததில் ஏழில் வைரஸ் இருந்தது. நன்றாக வேகவைத்தால் பயமில்லை. பிரான்சில் ஈரலைச் சேர்த்துச் செய்யும் ஒரு வகைத் தொத்திறைச்சியைச் சிலர் வேகவைக்காமலே சாப்பிடுவார்கள். அங்கேயும் இதே கதை. 2018-ல் ஹாங்காங்கில், கல்லீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு எலியின் ஹெபடைடிஸ் ஈ வந்திருந்தது. பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

இதைப் படித்துவிட்டு இந்தியாவில் காமாலைக்குப் பன்றியைத் திட்ட வேண்டாம். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தில் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தியப் பன்றிகளிடம் கிடைத்தது 4-ம் வகை. இந்திய நோயாளிகளிடம் கிடைத்தது 1-ம் வகை. இங்கே குற்றவாளி 1955-ல் இருந்த அதே குற்றவாளிதான். குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே ஓடும் சாக்கடை.

தடுப்பூசி இருக்கிறதா? இருக்கிறது. சீனாவில் 1,12,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மறு வருடம் அங்கே அனுமதியும் கிடைத்தது. பெயர் ஹெகோலின். ஆனால் அதற்கப்புறம் பத்து வருடம், நோய் பரவும் இடத்துக்கு அதை யாரும் கொண்டுபோகவில்லை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று ஏற்படுவதாகக் கணக்கு. இறப்பவர்களில் பலர் ஏழை நாட்டுக் கர்ப்பிணிகள். சந்தையில் அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஆளில்லை என்பதைத் தவிர இந்தத் தாமதத்துக்கு வேறு காரணம் சொல்வது கஷ்டம்.

2022 மார்ச்சில்தான் முதல்முறையாக, நோய் பரவிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் அந்த ஊசியைப் போட்டார்கள். தெற்கு சூடானில் பென்டியு என்ற ஊர். உள்நாட்டுச் சண்டையில் வீடிழந்தவர்கள் தங்கியிருக்கும் முகாம். வெள்ளம் வந்து முகாமில் ஆட்கள் பெருகி, கழிப்பறை போதாமல், காமாலை பரவியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் அந்நாட்டு சுகாதாரத் துறையும் சேர்ந்து மூன்று தவணையாகப் போட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் போட்டார்கள்.